முதல் வாரக் கணக்கு: பொப்பிசைப் போட்டியும் எதிர்வுகூறலும்

வெகுசன இசையின் வரலாற்றை எழுதப் புகுவோர் பாடகரைப் பற்றியும் பாடலைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். அப்பாடல் எந்த நாளில், எவ்வழியாக, எத்தனை பேரால் விலை கொடுத்து வாங்கப்பட்டது என்பதை வணிகரின் விவகாரமென ஒதுக்கிவிடுவதே வழக்கம். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டு தொடக்கம் இவ்வெண்ணிக்கையே ஒரு பொதுநிகழ்ச்சியாக மாறியுள்ளது. இரு பாடகரின் இசைத்தொகுதிகள், அதாவது அல்பங்கள், ஒரே நாளில் வெளிவரும். முதல் ஏழு நாட்களில் எது எத்தனை பிரதி விற்கும் என வணிக ஏடுகளும் கடைக்காரரும் இரசிகரும் முன்கூட்டியே கணித்து வாதிடுவர். 2007 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவில் கன்யே வெஸ்ற், பிப்ரி சென்ற் என்னும் இரு ராப் பாடகருக்கிடையே நிகழ்ந்த போட்டி இவ்வழக்கத்தின் உச்சநிலை எனலாம். அதனை விளங்கிக்கொள்வதற்கு, எண்ணும் முறை எவ்வாறு தோன்றியது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். எண்ணப்படாத ஒன்றை எவரும் எதிர்வுகூற முடியாது.

அமெரிக்காவின் 'பில்போட்' என்னும் வணிகச் சஞ்சிகை 1940 ஜூலையில் சில்லறைக் கடைகளில் அதிகம் விற்பனையான இசைத்தட்டுகளின் பட்டியலை வெளியிடத் தொடங்கிற்று. பிரித்தானியாவில் 1952 நவம்பரில் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிறஸ்' என்னும் ஏட்டைச் சேர்ந்த பேர்சி டிக்கின்ஸ் சுமார் இருபது கடைகளைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டறிந்த விடைகளைத் தொகுத்ததே அந்நாட்டின் முதலாவது பட்டியலாயிற்று. இவ்விரண்டினதும் அடிப்படை ஒன்றேயாகும். கடையில் நிற்பவர் தம் ஞாபகத்திலிருந்து, 'இவ்வாரம் இது முதலாவது, அது இரண்டாவது' என்று கூறுவார். அவர் கூறியது வரிசையேயன்றி எண்ணிக்கையன்று. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இடையேயுள்ள இடைவெளி பத்துப் பிரதியா பத்தாயிரம் பிரதியா என்பது பட்டியலில் புலப்படாது. மேலும், கூறுபவர் மனிதர். இசைத்தட்டுக் கம்பனிகளின் பிரதிநிதிகள் இலவசத் தட்டுகளையும் கச்சேரி நுழைவுச்சீட்டுகளையும் கொண்டுசென்று அவரது ஞாபகத்திற்கு உதவி புரிந்தமை அத்தொழிலில் யாவரும் அறிந்த இரகசியம்.

இந்நிலையை மாற்றியது 'சவுண்ட்ஸ்கான்' என்னும் நிறுவனமாகும். மைக் பைன், மைக் சலெற் ஆகிய இருவர் தொடங்கிய இந்நிறுவனம் 1991 மார்ச் மாதத்திலிருந்து கடைகளின் காசாளர் மேசையில் வாசிக்கப்படும் பார்கோட் கோடுகளைக் கொண்டு விற்பனையைத் திரட்டியது. இத்தரவில் சேராத கடைகளின் விற்பனையை, சேர்ந்த கடைகளின் அடிப்படையில் நிறையளித்து மதிப்பிட்டது. அதே ஆண்டு மே 25 ஆந் திகதியிட்ட இதழில் பில்போட் தனது அல்பப் பட்டியலை இப்புதிய கணக்கின்மீது அமைத்தது. விளைவு உடனடியாகப் புலனாயிற்று. கடைச் சிப்பந்திகள் பொருட்படுத்தாதிருந்த கிராமிய இசையும் கறுப்பின இளைஞரின் ராப் இசையும் பட்டியலில் மேலெழுந்தன. அவ்வாண்டு ஜூனில் 'என்.டபிள்யூ.ஏ.' என்னும் ராப் குழுவின் தொகுதி இரண்டாம் இடத்தில் நுழைந்து மறுவாரமே முதலிடம் பெற்றது. செப்டெம்பரில் கார்த் புறூக்ஸின் தொகுதி நேரே முதலிடத்தில் நுழைந்தது. கிராமிய இசைக்கு அத்தகைய பேறு கிட்டியது அதுவே முதற்றடவை. மக்களின் சுவை ஒரே கோடையில் மாறிவிடவில்லை. மாறியது எண்ணுபவரின் கண்.

'நேரே முதலிடத்தில் நுழைதல்' என்னும் நிகழ்வு இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. பில்போட்டின் வாராந்த அல்பப் பட்டியல் 1956 மார்ச்சிலிருந்து நிலவி வருகிறது. 1991 வரையான முப்பத்தைந்து ஆண்டுகளில் ஆறே தொகுதிகள்தாம் வெளிவந்த முதல் வாரத்தில் முதலிடம் பெற்றன: 1975 இல் எல்ரன் ஜோனின் இரண்டு, 1976 இல் ஸ்ரீவி வண்டருடையது ஒன்று, 1986 இல் புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீனுடையது ஒன்று, 1987 இல் விற்னி ஹியூஸ்ரன், மைக்கல் ஜாக்சன் ஆகியோருடையவை. பீற்றில்ஸின் தொகுதிகள்கூட இந்த ஆறில் இல்லை. பழைய முறையில் ஒரு தொகுதி படிப்படியாக ஏறுவதே இயல்பெனக் கருதப்பட்டது. புதிய முறையின்கீழ், ஆர்வம் மிக்க இரசிகர் யாவரும் முதல் வாரத்திலேயே வாங்குகின்றனர் என்ற உண்மை வெளிப்பட்டது. வெளிப்பட்டதும் கம்பனிகள் தம் விளம்பரப் பணத்தை அவ்வாரத்திலேயே குவிக்கலாயின. இவ்வாறு, அளவுகோல் தான் அளக்கும் பொருளையே தன் வடிவுக்கு வளைத்துக்கொண்டது. முதல் வாரம் முக்கியமானதாக இருந்ததால் அது அளக்கப்பட்டது என்பதிலும், அளக்கப்பட்டதால் அது முக்கியமானதாயிற்று என்பதே பொருத்தமுடைத்து.

எதிர்வுகூறலை ஒரு மக்கள் விளையாட்டாக்கியதில் நமது நாட்டு வானொலிக்கும் ஒரு பங்குண்டு என்பதை இங்குக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் ஒப்பவில்லை. 1952 டிசெம்பரில் இலங்கை வானொலி ஒலிபரப்பத் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' என்னும் ஹிந்திப் பாடல் நிகழ்ச்சியை அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பிவந்தார். அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்திருந்த காலம் அது. தொடக்கத்தில் ஏழு பாடல்கள் எவ்வித ஒழுங்குமின்றி ஒலிபரப்பப்படும்; மக்கள் செல்வாக்கின்படி அவற்றைச் சரியாக வரிசைப்படுத்தி எழுதும் நேயருக்கு 100 ரூபா பரிசு. கடிதங்கள் பல்லாயிரமாகப் பெருகவே, இப்போட்டி கைவிடப்பட்டு நிகழ்ச்சியே வரிசைப் பட்டியலாக மாற்றப்பட்டது. பிறர் எதை விரும்புவர் என ஊகிப்பதில் மனிதர்க்குள்ள இன்பம், தாம் எதை விரும்புகின்றோம் எனக் கூறுவதிலுள்ள இன்பத்திற்குக் குறைந்ததன்று என்பதற்கு அக்கடிதக் குவியல் சான்று.

இனி, போட்டிக்கு வருவோம். முற்காலத்தில் பெரும் பாடகர் ஒருவரையொருவர் தவிர்த்துக்கொண்டனர். பீற்றில்ஸும் ரோலிங் ஸ்ரோன்ஸும் தம் இசைத்தட்டுகள் ஒரே வேளையில் மோதிக்கொள்ளாதவாறு தமக்குள் பேசி ஒழுங்கு செய்தனர் என்பது அக்குழுக்களைச் சார்ந்தோரே கூறிய செய்தி. 1995 ஓகஸ்ட் 14 இல் நிலைமை தலைகீழாயிற்று. பிரித்தானியாவின் புளர், ஓயேசிஸ் என்னும் இரு குழுக்களின் தனிப்பாடல் தட்டுகள் வேண்டுமென்றே ஒரே நாளில் வெளியிடப்பட்டன. புளர் 274,000 பிரதிகளும் ஓயேசிஸ் 216,000 பிரதிகளும் விற்றன. தென்பகுதி நடுத்தர வகுப்புக்கும் வடபகுதித் தொழிலாளர் வகுப்புக்குமான போராகப் பத்திரிகைகள் இதனை வருணித்தன. புளரின் பாடல் இரு வேறு இறுவட்டுகளாக விற்கப்பட்டமையால் பற்றுமிக்க இரசிகர் இரண்டையும் வாங்கினர் என்னும் உண்மை அவ்வருணனையில் எடுபடவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த ஓயேசிஸின் அல்பம் புளரின் அல்பத்தை வெகு தூரம் பின்தள்ளியது. ஒரு வாரத்து வெற்றியைக் கொண்டு மறு பருவத்தைக் கணித்தோர் ஏமாந்தனர்.

2007 ஆம் ஆண்டுப் போட்டியின் பின்னணி இதனின்றும் வேறானது. அமெரிக்காவில் அல்ப விற்பனை 2000 ஆம் ஆண்டில் 78 கோடிக்கு மேற்பட்ட பிரதிகளாக இருந்து, 2007 இல் ஏறத்தாழ 50 கோடியாக வீழ்ந்தது. அந்த ஓராண்டில் மாத்திரம் வீழ்ச்சி 15 வீதம். இத்தகைய நேரத்தில் கன்யே வெஸ்ற்றின் 'கிறாஜுவேசன்' என்னும் தொகுதி செப்டெம்பர் 18 இலிருந்து 11 ஆந் திகதிக்கு முன்னகர்த்தப்பட்டது. ஜூனில் வெளிவரவிருந்து பிற்போடப்பட்ட பிப்ரி சென்ற்றின் 'கேர்ட்டிஸ்' தொகுதியும் அதே நாளுக்கு வந்து சேர்ந்தது. கன்யே தம்மைவிட அதிகம் விற்றால் தனிப்பாடகராக இனி அல்பம் வெளியிடப் போவதில்லை எனப் பிப்ரி சென்ற் ஓகஸ்டில் அறிவித்தார். 'ரோலிங் ஸ்ரோன்' சஞ்சிகை இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி அட்டைப்படம் வெளியிட்டது.

கணிப்போர் எவற்றைக் கொண்டு கணித்தனர்? முதலாவது சான்று பழைய கணக்கு. பிப்ரி சென்ற்றின் 2003 ஆம் ஆண்டுத் தொகுதி முதல் வாரத்தில் 872,000 பிரதிகளும், 2005 ஆம் ஆண்டுத் தொகுதி நான்கே நாட்களில் 11 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளும் விற்றிருந்தன. கன்யேயின் தொகுதிகள் 2004 இல் 441,000, 2005 இல் 860,000. இவற்றை மாத்திரம் நோக்கின் துலாக்கோல் பிப்ரி சென்ற் பக்கமே சாயும். கூர்ந்து நோக்கின், ஒருவரது எண் ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பதும், மற்றவரது எண் சந்தையின் செழிப்பான நாட்களைச் சார்ந்திருப்பதும் புலனாகும். இரண்டாவது சான்று, முன்னோடியாக வெளியிடப்பட்ட தனிப்பாடல்களின் வரவேற்பு. பிப்ரி சென்ற்றின் ஆரம்பப் பாடல்கள் எதிர்பார்த்த வரவேற்பைப் பெறவில்லை. பின்னர் வந்தவையே ஓரளவு நிலைமையைச் சீர்செய்தன. கன்யேயின் 'ஸ்றோங்கர்' பாடலோ ஏறுமுகமாகச் சென்று செப்டெம்பர் முடிவில் தனிப்பாடற் பட்டியலின் முதலிடத்தை எட்டியது. மூன்றாவது, கடைகள் முன்கூட்டியே தருவித்த பிரதிகளின் தொகை. இது ஏமாற்றும் சான்று. அமெரிக்க வழக்கத்தில் விற்காத தட்டுகளைக் கடைகள் திருப்பி அனுப்பலாம். ஆதலால் கடைக்குச் சென்ற எண்ணிக்கை கம்பனியின் நம்பிக்கையை அளக்குமேயன்றி வாங்குவோரின் விருப்பை அளக்காது.

நான்காவதே கணிப்போரின் தலையாய கருவி: வெளியீட்டு நாளின் விற்பனை. அந்நாளில் அமெரிக்காவில் புதிய தொகுதிகள் செவ்வாயன்று வெளிவந்தன. பெருங்கடைகள் சிலவற்றின் செவ்வாய் விற்பனையை அறிந்தவர் அதனை ஒரு காரணியாற் பெருக்கி வார முடிவைக் கூற முயல்வர். அக்காரணி யாது என்பதிலேதான் சிக்கல். 2000 மார்ச்சில் 'என்சிங்க்' குழுவின் தொகுதி முதல் நாளில் மாத்திரம் ஏறத்தாழ 11 இலட்சம் விற்று, வாரம் முழுவதிலும் 24 இலட்சத்தைத் தொட்டது. வாரத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவானது ஒரே நாளில் முடிந்துவிட்டது. பதின்வயது இரசிகரைக் கொண்ட குழுவுக்குப் பொருந்தும் இவ்விகிதத்தை, வார இறுதியில் கடைக்கு வரும் முதிர்ந்த வாசகரைக் கொண்ட பாடகருக்குப் பொருத்தினால் கணக்குப் பிழைக்கும். கணிப்பவர் உண்மையில் அறியவேண்டியது தொகையை அன்று, வாங்குபவர் யார் என்பதை.

முடிவு பின்வருமாறு: கன்யே வெஸ்ற் 957,000, பிப்ரி சென்ற் 691,000. சவுண்ட்ஸ்கான் கணக்குத் தொடங்கியபின் ஒரே வாரத்தில் இரு புதிய தொகுதிகள் தலா ஆறு இலட்சத்தைத் தாண்டியது இது இரண்டாவது தடவை. முதலாவது 1991 செப்டெம்பரில் 'கன்ஸ் அன் ரோசஸ்' தன் இரு தொகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டபோது நிகழ்ந்தது. அங்கே போட்டியாளர் இருவரும் ஒரே குழுவினர்! அதே 2007 செப்டெம்பர் 11 இல் கிராமிய இசைப் பாடகர் கெனி செஸ்னியின் தொகுதியும் வெளிவந்து 387,000 பிரதிகள் விற்றது. சாதாரண வாரமொன்றில் அது முதலிடம் பெறத்தக்க எண். அவரைப் பற்றி எவரும் பந்தயம் பிடிக்கவில்லை.

தோற்றவரின் விற்பனையை நோக்குவது வெற்றியாளரின் விற்பனையை நோக்குவதிலும் பயன் தரும். சந்தை சுருங்கிக்கொண்டிருந்த ஆண்டில், ஆரம்பப் பாடல்கள் எடுபடாத ஒரு தொகுதி 691,000 விற்றதென்றால், அதில் ஒரு பகுதி அப்போட்டியே ஈட்டிக் கொடுத்ததாகல் வேண்டும். கன்யேயின் வெளியீட்டாளர் டெப் ஜாம்; பிப்ரி சென்ற்றின் வெளியீட்டாளர் இன்ரர்ஸ்கோப். இவ்விரண்டும் யூனிவேர்சல் இசைக் குழுமம் என்னும் ஒரே நிறுவனத்தின் கிளைகள். இரசிகர் இரு பாசறைகளாகப் பிரிந்து வாக்களிப்பதுபோல வாங்கிய 16 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகளின் வருவாய் ஒரே கணக்கேட்டில் பதியப்பட்டது. இதனை வெறும் சூழ்ச்சி எனத் தள்ளிவிடுவது எளிது. ஆயினும் அவ்விளக்கம் முழுமையானதன்று. அமெரிக்க ராப் இசை வீதி வன்முறையின் குரலாக மட்டும் இருக்கவேண்டுமா, வேறு அனுபவங்களையும் மின்னிசை ஒலிகளையும் உட்கொள்ளலாமா என்னும் மெய்யான வினா இரசிகரிடையே நிலவியது. அவ்வினாவைக் கேட்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த மொழி விற்பனை எண் ஒன்றே. விமரிசனம் செய்யவேண்டிய பணியைக் கடைச் சிட்டை செய்தது என்பதே இதிலுள்ள அவலம்.

பின்வந்த காலத்தில் எண்ணின் பொருளே மாறியது. 2014 டிசெம்பரிலிருந்து பில்போட் பட்டியலில், இணையவழி கேட்கப்பட்ட 1,500 கேட்டல்கள் ஓர் அல்பத்துக்குச் சமமெனக் கொள்ளப்பட்டன. 2018 இல் கட்டணம் செலுத்துவோரின் கேட்டலுக்கும் விளம்பரத்துடன் இலவசமாகக் கேட்போரின் கேட்டலுக்கும் வெவ்வேறு நிறை வழங்கப்பட்டது. 2015 ஜூலை முதல் வெளியீட்டு நாள் உலகெங்கும் வெள்ளிக்கிழமையாயிற்று. 2018 ஓகஸ்டில் நிக்கி மினாஜின் புதிய தொகுதி 185,000 அலகுகளைப் பெற்று, இரண்டாம் வாரத்திலிருந்த ட்ரவிஸ் ஸ்கொற்றின் தொகுதியிடம் சுமார் 20,000 அலகு வித்தியாசத்தில் முதலிடத்தை இழந்தது. ஆடைகளோடும் கச்சேரிச் சீட்டுகளோடும் சேர்த்து விற்ற பிரதிகளை எண்ணுவது முறையா என அவர் பகிரங்கமாகக் கேட்டார். இத்தகைய சேர்க்கை விற்பனைக்கு எதிரான கட்டுப்பாட்டைப் பில்போட் 2020 இல் அறிவித்தது. 2015 இல் அடேலின் தொகுதி முதல் வாரத்தில் நிலைநாட்டிய 33 இலட்சத்து 80 ஆயிரம் என்னும் எல்லையை 2025 ஒக்டோபரில் ரெய்லர் சுவிப்ற் 40 இலட்சம் அலகுகளுடன் கடந்தார். அதற்கு ஒரே தொகுதி பல்வேறு அட்டைகளுடனும் மேலதிகப் பாடல்களுடனும் விற்கப்பட்டமை உதவியது. புளரின் இரு இறுவட்டுகள் செய்த வேலைதான்.

பிப்ரி சென்ற் தமது சூளுரையைக் காக்கவில்லை. அவரது அடுத்த தொகுதி 2009 நவம்பரில் வெளிவந்தது.