உடுக்கையும் ஸ்டூடியோவும்

1956-ல் சோவியத் நாட்டில் 'இலியா முரோமெத்ஸ்' என்றொரு படம் வெளிவந்தது. முப்பத்துமூன்று வயது வரை எழுந்து நடக்கமாட்டாதிருந்த குடியானவன் மகன் ஒருவன், மாவீரனாகி, நெருப்புக் கக்கும் மூன்று தலைப் பூதநாகத்தை வெல்லும் நாடோடிக் கதை அது.

நம் சிங்காநல்லூரும் மாயப் படத்துக்குப் புதிதன்று. இங்கே சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜுபிடரார் எடுத்து 1947-ல் வெளியான 'ராஜகுமாரி'யில்தான் எம். ஜி. ஆர். முதன்முதலாகக் கதாநாயகரானார். அதன் வசனத்தில் உழைத்தவர் இளைஞர் மு. கருணாநிதி.

ஸ்டூடியோச் சுவருக்கு வெளியே, கொங்குக் கிராமங்களில், இரவெல்லாம் உடுக்கையடித்து அண்ணன்மார் கதை பாடிக்கொண்டிருந்தார்கள். பொன்னரும் சங்கரும் வேளாண்குடிப் பிள்ளைகள்தாமே! அதே கருணாநிதியின் நாவலைக் கொண்டு 'பொன்னர் சங்கர்' திரைக்கு வந்தது 2011-ல்தான்.

ஸ்டூடியோ மறைந்துவிட்டது. உடுக்கை இன்னும் ஓயவில்லை.