பதினான்கில் ஓர் இடம்: இராசபாளையத்து முதல்வரும் அரசியலமைப்பின் முதல் திருத்தமும்

1950 ஜனவரி 26 அன்று இந்திய அரசியலமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாநில ஆட்சிக்குத் தலைமை தாங்கியவர் நம் வட்டாரத்துக்காரர். வத்திராயிருப்பிலிருந்து தெற்கே சென்று திருவில்லிபுத்தூரைக் கடந்தால் வருவது இராசபாளையம். அவ்வூரில் 1898-இல் பிறந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா 1949 ஏப்ரலில் அப்பொறுப்பை ஏற்றார். மாகாணத் தலைமை அமைச்சரை அன்று 'பிரதமர்' என்றே அழைத்தனர். புதிய சட்டம் வந்த நாளிலிருந்து அவர் முதலமைச்சர் ஆனார். ஏறத்தாழ ஆறு மாதங்களில் அவருடைய அரசு உயர் நீதிமன்றத்தில் தோற்றது. தோற்ற ஆணையில் முஸ்லிம் சமுதாயத்துக்கும் ஓர் இடம் எழுதப்பட்டிருந்தது. நம் இல்லங்களில் அதிகம் பேசப்படாத வரலாறு இது.

அரசியலமைப்பு என்றால் என்ன என்பதை நம்மவர்க்கு விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மஹல்லா ஜமாஅத்துக்கு ஒரு பைலா இருக்கிறது. தலைவரை யார் தேர்ந்தெடுப்பது, பொருளாளர் எவருக்குக் கணக்குக் காட்டுவது, பொதுக்குழு எப்போது கூடுவது என்பனவெல்லாம் அதில் உண்டு. தலைவர் நல்லவராக இருக்கும் காலத்தில் அந்த ஏட்டை எவரும் புரட்டுவதில்லை. பிணக்கு வரும் நாளில்தான் அதன் அருமை தெரிகிறது. நாட்டுக்கான சட்டமும் அவ்வாறே. ஆள்வோருக்கு அதிகாரத்தைக் கொடுக்கும் அதே ஏடு, அந்த அதிகாரத்தின் எல்லையையும் குறித்து வைக்கிறது.

இவ்வகை எழுத்துக்கு நீண்ட மரபு உண்டு. நபி (ஸல்) அவர்கள் கி.பி. 622-இல் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபின் முஹாஜிர்கள், அன்சார்கள், யூதக் குலத்தார் ஆகியோரிடையே எழுதப்பட்ட சாசனத்தை, உலகின் முதல் எழுதப்பட்ட அரசியலமைப்பு என அறிஞர் முஹம்மது ஹமீதுல்லாஹ் வாதிட்டார். இரத்த ஈடு, ஊர்க் காவல், வழக்குகளின் தீர்ப்பு ஆகியவற்றுக்கு அது விதி வகுத்தது. யூதர்க்கு அவர்தம் மார்க்கம் உரியது என்பதையும் ஏற்றது. நம் தமிழகத்து உத்திரமேரூரிலோ, பராந்தக சோழன் காலத்தில் ஊர்ச்சபை உறுப்பினரின் தகுதியும் தகுதிக்கேடும் கல்லில் வெட்டப்பட்டன.

இந்தியாவுக்கான சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று முதன்முதலாகக் கூடியது. 1949 நவம்பர் 26 அன்று 395 பிரிவுகளும் 8 அட்டவணைகளும் கொண்ட சட்டத்தை ஏற்றது. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழுவில் அசாமைச் சேர்ந்த சையத் முஹம்மது சாதுல்லா இருந்தார். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற முஸ்லிம் உறுப்பினர்களில் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப், போக்கர் சாஹிப், மஹ்பூப் அலி பேக், கே. டி. எம். அஹ்மது இப்ராஹிம் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். அவர்கள் வாய்மூடி அமர்ந்திருக்கவில்லை. பொது சிவில் சட்டம் பற்றிய வரைவு 1948 நவம்பர் 23 அன்று விவாதத்துக்கு வந்தபோது, எச்சமூகமும் தன் தனியார் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்ற திருத்தத்தை இஸ்மாயில் சாஹிப் முன்மொழிந்தார். சபை அதை ஏற்கவில்லை. தனித்தொகுதிக் கோரிக்கையும் 1949 மே மாதத்தில் தோற்றது. தோற்ற பின்னும் அவர் அந்தச் சட்டத்தின் கீழேயே நின்று தேர்தல்களைச் சந்தித்தார். பின்னாளில் மஞ்சேரித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார்.

இனி நம் வழக்குக்கு வருவோம். நீதிக்கட்சிக் காலத்தில் வேர்கொண்ட வகுப்புவாரி அரசாணை, முதலில் 12 இடங்களில் 2 இடங்களை முஸ்லிம்களுக்கு வைத்திருந்தது. 1947-இல் அது மாற்றியமைக்கப்பட்டது. அதன்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்று ஒதுக்கப்பட்டது.

இதை எதிர்த்து 1950-இல் செண்பகம் துரைராஜன், சீனிவாசன் என்னும் இருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரே அரசுக்கு எதிராக வாதிட்டார். இதில் ஒரு விந்தையும் உண்டு. செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவேயில்லை என்பதை உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பிலேயே பதிவு செய்தது. ஆயினும் வழக்கு நின்றது. உயர் நீதிமன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது. குமாரசுவாமி ராஜாவின் அரசு மேல்முறையீடு செய்தது. நீதியரசர் ஃபஸ்ல் அலி உள்ளிட்ட எழுவர் அமர்வு 1951 ஏப்ரல் 9 அன்று ஒருமனதாக அந்த முறையீட்டைத் தள்ளியது. அரசுப் பணிகளில் பின்பற்றப்பட்ட வகுப்புவாரி முறையில் முஸ்லிம்களுக்கென இருந்த பங்கும் அதே நாளில் வேறொரு தீர்ப்பால் போயிற்று.

எந்தப் பிரிவைக் கொண்டு அந்த ஆணை வீழ்த்தப்பட்டது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அது பிரிவு 29. சிறுபான்மையினர் நலன்களின் பாதுகாப்பு என்பதே அதன் தலைப்பு. அதன் முதல் உட்பிரிவு நம் மொழியையும் எழுத்தையும் பண்பாட்டையும் காக்கிறது. இரண்டாம் உட்பிரிவோ, அரசின் கல்வி நிலையத்தில் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எந்தக் குடிமகனுக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது. நம்மைக் காக்க எழுதப்பட்ட கதவில்தான் நம் பங்கு தடுக்கப்பட்டது.

அரசுத் தரப்பு பிரிவு 46-ஐ எடுத்துக் காட்டியது. நலிந்தோரின் கல்வியை உயர்த்துவது அரசின் கடமை என்கிறது அது. ஆனால் அது நான்காம் பாகத்தில், அரசுக்கான வழிகாட்டு நெறிகளில் உள்ளது. பிரிவு 29 மூன்றாம் பாகத்தில், அடிப்படை உரிமைகளில் உள்ளது. முன்னதை மீறினால் நீதிமன்றம் செல்ல இயலாது, பின்னதை மீறினால் செல்லலாம். ஆகவே வழிகாட்டு நெறி அடிப்படை உரிமையை மீற முடியாது என்று நீதிமன்றம் தீர்த்தது. பொது சிவில் சட்டத்தைப் பேசும் பிரிவு 44-உம் அதே நான்காம் பாகத்தில்தான் உள்ளது. மார்க்கத்தைப் பின்பற்றும் உரிமையைத் தரும் பிரிவு 25 மூன்றாம் பாகத்தில் உள்ளது. கல்லூரி இடத்தைப் பறித்த தீர்ப்பு, இஸ்மாயில் சாஹிப் சபையில் கேட்டுப் பெறாத பாதுகாப்பின் ஒரு பகுதியை வேறு வழியாகச் சொல்லி வைத்தது. பிற்காலத் தீர்ப்புகள் இரு பாகங்களும் இசைந்து செல்ல வேண்டும் என்று இதைத் தளர்த்தின என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தீர்ப்பைக் கண்டு சென்னை மாநிலம் கொதித்தது. பெரியார் கிளர்ச்சி நடத்தினார். மாநிலக் காங்கிரசின் தலைவராக இருந்தவர் விருதுநகரில் பிறந்த காமராசர். முதலமைச்சரும் கட்சித் தலைவரும் நம் பக்கத்து ஊர்க்காரர்களாக இருந்த காலம் அது! 1951 ஜூன் 18 அன்று அரசியலமைப்பின் முதல் திருத்தம் சட்டமானது. பேச்சுரிமை, நில உடைமை பற்றிய மாற்றங்களும் அதில் இருந்தன. நமக்கு வேண்டியது பிரிவு 15-இல் சேர்க்கப்பட்ட நான்காம் உட்பிரிவு. சமூக நிலையிலும் கல்வியிலும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் அரசு தனி ஏற்பாடு செய்வதைப் பிரிவு 15-உம் பிரிவு 29-இன் இரண்டாம் உட்பிரிவும் தடுக்காது என்று அது கூறியது. அதில் எந்த மதத்தின் பெயரும் இல்லை.

பழைய ஆணையின் 14-இல் 1 திரும்பி வரவில்லை. அதற்காக மிகவும் வருந்தத் தேவையில்லை என்பது நம் கருத்து. எல்லா இடங்களையும் வகுப்புகளுக்குப் பங்கிட்டு முடித்த அந்த ஆணையில், நம் பிள்ளைகளுக்கு உறுதியான இடம் அது ஒன்றே. பொதுப்போட்டிக்கென இடமே இல்லாததால், அந்தப் பங்கு பாதுகாப்பாகவும் இருந்தது, மதிலாகவும் இருந்தது. இன்று தமிழகத்தில் 31 விழுக்காடு பொதுப்போட்டிக்கு உரியது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி முஸ்லிம் முதலானோர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றது மதத்தின் பேரால் அன்று, பின்தங்கிய நிலையின் பேரால். 2007-இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 விழுக்காட்டிலிருந்து 3.5 விழுக்காடு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கெனப் பிரித்து வைக்கப்பட்டது.

முதல் திருத்தம் வந்த அதே 1951-இல் சென்னையில் புதுக் கல்லூரியும் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும் தொடங்கின. 1956-இல் மேற்கு மலைத்தொடரை ஒட்டிய உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது. சிறுபான்மையினர் தம் கல்வி நிலையங்களைத் தாமே நிறுவி நடத்தும் உரிமையைத் தருவது பிரிவு 30. பிரிவு 29-ஆல் ஒரு வாசல் அடைபட்ட காலத்தில் நம் பெரியோர் அடுத்த பிரிவின் வாசலில் நுழைந்திருக்கிறார்கள்.

குமாரசுவாமி ராஜா 1952 பொதுத் தேர்தலில் தோற்றார். சொத்தும் வரியும் படிப்பும் பார்க்காமல் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தந்த அதே அரசியலமைப்பின் கீழ் நடந்த முதல் தேர்தல் அது. பின்னர் ஒரிசாவின் ஆளுநராக இருந்தார். இராசபாளையத்திலிருந்த தம் வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார்.

இன்று வத்திராயிருப்பிலேயே வட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் பெற்று வைப்பது மே மாதத்து வேலைகளுள் ஒன்று. அதில் 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு (முஸ்லிம்)' என்று இருக்கும். கல்விக்கான பிரிவில் அந்த முதற்சொல் எழுதப்பட்டது 1951 ஜூனில்தான்.