பாவு

தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டப்படும் நூல்தொகுதி பாவு. அதன் குறுக்கே, நூலைச் சுமந்து இங்குமங்கும் போகும் நாடாவில் ஓடுவது ஊடை. பரப்புதல் என்ற பொருளுடைய ‘பா’ என்னும் வேரிலிருந்து வந்த சொல். செய்யுளுக்கும் பா என்றே பெயர். ஏட்டுக்கும் இழைக்கும் நூல் என்ற ஒரே பெயர் இருப்பதுபோல. பாவைத் தயார்செய்து தறியில் ஏற்றுவது நெசவுக்கு முந்திய வேலை. நேரத்தையும் ஆட்களையும் கணக்கிட்டால் நெசவைவிடப் பெரிய வேலை என்றும் சொல்லலாம். தறியில் உட்காருபவர் ஒருவர். பாவுக்குக் குடும்பம் முழுவதும் வேண்டும், சில கட்டங்களில் தெருவே வேண்டும்.

வேலையின் அளவைச் சிறு கணக்கில் காணலாம். 46 அங்குல அகலச் சேலைக்கு அங்குலத்துக்கு 80 இழை என்றால் மொத்தம் 3,680 இழைகள். இவை ஒவ்வொன்றும், இழைகளை மேலும் கீழுமாகப் பிரிக்கும் விழுதின் ஒரு கண் வழியாகவும், ஊடையை நெருக்கும் சீப்புப் போன்ற அச்சின் ஒரு பல்லிடை வழியாகவும் வரிசை பிசகாமல் வந்தாக வேண்டும். ஓர் இழை இடம் மாறினால் துணியின் கடைசிவரை அந்தக் கோடு தெரியும்.

பாவின் பழைய வரலாற்றை எழுதுவது கடினம். உறையூர் அகழாய்வில் சாயத்தொட்டி கிடைத்தது. கீழடியில் தக்களிகள் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான ‘பெரிப்ளூஸ்’, உறையூராகக் கருதப்படும் அர்கருவின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. நூற்றதற்கும் தோய்த்ததற்கும் விற்றதற்கும் தடயம் உண்டு; இழைகளை நீட்டிப் பாவு ஓட்டியதற்கு இல்லை. அதற்கு வேண்டியவை நட்ட கம்புகளும் வெற்று நிலமும்தான். கம்பு மக்கிப்போகும், நிலம் நிலமாகவே கிடக்கும். கல்வெட்டுகளிலும் இதே மௌனம். இடைக்காலக் கல்வெட்டுகள் செக்கிறையோடு தறியிறையையும் வரிப்பட்டியலில் வைக்கின்றன. வரி தறிக்கு, தறிக்கு முன்னால் நடந்தது கணக்கில் வரவில்லை.

பழைய முறையில் பாவு ஓடுவது நடையால் ஆன வேலை. திடலில் கம்புகளை வரிசையாக நட்டு, கையில் நூல் சுற்றிய கதிரோடு பெண்கள் முன்னும் பின்னும் நடப்பார்கள். இழையைக் கம்புக்கு ஒருமுறை இந்தப் பக்கமும் மறுமுறை அந்தப் பக்கமும் விட்டு வருவார்கள். இப்படி மாற்றி மாற்றி விடுவதால் விழும் குறுக்குப் பின்னல்தான் பாவின் உயிர். ஆயிரக்கணக்கான இழைகளில் எது முதல், எது அடுத்தது என்பதை அது நினைவில் வைத்திருக்கும். கம்பை உருவும் முன் அந்த இடத்தில் கயிறோ கழியோ செருகிவிட வேண்டும். மறந்தால் முழுப் பாவும் சிக்குப்பிடித்த வெறும் நூலாகிவிடும்.

அடுத்தது பாவு தோய்தல். முறுக்கு குறைந்த பருத்தி இழை, அச்சின் உராய்வைத் தாங்காமல் பஞ்சு பிரிந்து அறும், அதற்காகவே கஞ்சி. அரிசிக் கஞ்சி, கேழ்வரகுக் கஞ்சி, அதில் சிறிது எண்ணெய் என்று ஊருக்கு ஊர் கைப்பக்குவம் வேறு. இரண்டிரண்டு மூங்கிலைப் பெருக்கல் குறிபோலக் கட்டி நிறுத்தி, அவற்றின்மேல் பாவைத் தெருநெடுக நீட்டுவார்கள். கஞ்சியைத் தடவி, பாவாற்றி எனப்படும் நீண்ட தூரிகையை இருபுறமும் ஆட்கள் பிடித்து ஒரே திசையில் இழுத்துக்கொண்டே போவார்கள். இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து காய வேண்டும். உச்சி வெயிலில் விறைத்து முறியும், மழை வந்தால் கஞ்சி கரையும். ஆகவே விடியற்காலையே இதற்கு நேரம். காஞ்சிபுரத்தில் பட்டுப் பாவையும் இப்படிக் காலையில் தெருவில் நீட்டுவதுண்டு. நெசவாளர் தெருக்கள் நேராகவும் நீளமாகவும் இருந்தது அழகுக்காக அல்ல.

தெரு போதாத இடங்களில் பொதுநிலம் ஒதுக்கப்பட்டது. சேலம், நாமக்கல் பகுதிகளில் அதற்குப் பாவடி என்று பெயர். இன்று அங்கே பாவு நீளாவிட்டாலும் பெயர் இடப்பெயராக நின்றுவிட்டது. 1734இல் சென்னை ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட், கிழக்கிந்தியக் கும்பினிக்குத் துணி நெய்யச் சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கியபோது தேர்ந்தெடுத்தது சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை. பெரிய மரங்களின் நிழல் நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் உதவும் என்பது அதற்கு ஒரு காரணம். தறிக்கு வெளியே நடக்கும் வேலைக்கும் இடம் வேண்டும் என்பதைக் கும்பினி வணிகர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். துணி வரத்து தடைபடக் கூடாதே! 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட சாலியர் என்னும் நெசவாளர்கள் குடியேறிய பாலராமபுரத்தில், தெருவில் பாவு உணக்கும் வழக்கம் இன்றும் உள்ளது; ‘பாவு’ என்ற சொல்லும் மலையாளத்தில் நிற்கிறது.

காய்ந்த பாவைச் சுருட்டி வீட்டுக்குள் கொண்டுவந்த பின் வருவது பிணைத்தல். முந்தைய துணியை அறுக்கும்போது, விழுதிலும் அச்சிலும் கோத்தபடியே பழைய பாவின் நுனிகளை விட்டு வைப்பார்கள். புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் அதற்குரிய பழைய நுனியோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கி விடுவார்கள். முடிச்சு கிடையாது; முடிச்சு அச்சில் மாட்டும். எல்லாம் பிணைந்ததும் மெல்ல இழுத்தால் புதிய பாவு தானே விழுதையும் அச்சையும் கடந்து வரும். இந்தக் கைவேலையில் பெண்களின் விரலுக்கு நிகர் இல்லை என்பது நெசவாளர் வீடுகளில் பெருமையாகவே சொல்லப்படும். அதற்குத் தனிக் கூலி உண்டா என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். புது ரகம் போடும்போது மட்டும் பிணைக்க வழியில்லை, முதலிலிருந்து இழை கோக்க வேண்டும். குழித்தறியில் பாவின் மறுமுனை எதிர்ப்புறக் கம்பத்தைச் சுற்றிய கயிற்றில் கட்டப்படும். அந்தக் கயிறு நெசவாளரின் பக்கத்து முளைக்கே திரும்பி வரும். எழுந்திருக்காமலே பாவைத் தளர்த்திக்கொள்ள இந்த ஏற்பாடு.

மாற்றம் ஊடையின் பக்கமிருந்து வந்தது. இங்கிலாந்தில் ஜான் கே 1733இல் உரிமம் பெற்ற விசைநாடா, கயிற்றை இழுத்தால் தானே ஓடியது. சென்னை மாகாணத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சேலத்தில் நடத்திய அரசு நெசவுக்கூடம் அதைப் பரப்ப முயன்றது. நெசவு வேகமானால் பாவு சீக்கிரம் தீரும். தீர்ந்த பாவுக்கு ஈடுகொடுக்கத் தெருவால் முடியவில்லை. நட்ட கம்புகளின் இடத்தைச் சுழலும் பெரிய மர உருளைகள் பிடித்தன. நூறு கஜம் நடந்த கால்கள் நின்ற இடத்திலேயே உருளையைச் சுற்றின. ஆலை நூல் ஏற்கெனவே வந்திருந்தது: 840 கஜம் ஒரு சிட்டம், ஒரு ராத்தலுக்கு எத்தனை சிட்டமோ அதுவே நூலின் நம்பர். பின்னர் சைசிங் ஆலைகள் கஞ்சி வேலையையும் எடுத்துக்கொள்ள, பல ஊர்களில் கூட்டுறவுச் சங்கமோ மாஸ்டர் வீவரோ கொடுக்கும் ஆயத்தப் பாவு வீட்டுக்கு வரத் தொடங்கியது. மூங்கில் பல் வைத்த அச்சு எஃகுக்கு மாறியது. அச்சு கட்டுவதையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் வேறு வேலைக்குப் போயின.

பிணைத்தல் மட்டும் இன்னும் பெருமளவு விரலில்தான் நிற்கிறது. 2019–20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் காட்டியது. அவர்களில் 26.73 லட்சம் பேர் நெசவாளர்கள். பாவு ஓட்டுவது, நாடாவுக்கான ஊடை நூலைத் தாரில் சுற்றுவது போன்ற வேலை செய்யும் 8.48 லட்சம் பேர் ‘துணைத் தொழிலாளர்’ என்ற தனிப் பத்தியில் வருகிறார்கள்.