கப்பல் கற்பித்த உறவு

பசிபிக் பெருங்கடலிலுள்ள பிஜித் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு, 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியே தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் கப்பலேற்றப்பட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தம், அடிமையினும் கொடிய வாழ்வு!

சாதிக்கோர் உலை வைக்கக் கப்பலில் இடமேது? ஒரே உலைச்சோறு உண்டோர், 'கப்பல் உடன்பிறப்பு' எனும் பொருள்பட ஒருவரையொருவர் அழைத்தனர். 1920-இல் ஒப்பந்தத் தளை அறுந்தது. தோட்டத்தில் இந்தியே பொதுமொழியாக ஓங்கிய நிலையிலும், 1926-இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் கண்டனர்; பள்ளிகள் எழுப்பித் தென்னக மொழிகளைப் பயிற்றுவித்தனர்.

தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும் இராசபாளையத்திலும், திருவில்லிபுத்தூரிலும் சாதிக்கொரு தெரு ஏன் வேண்டும்? மொழியைக் காத்தோர் சாதியைக் கடலில் கரைத்தனர். கரையில் நிற்கும் நாம் அதைக் கட்டிக் காப்பதோ? எண்ணுவோம், தோழர்களே!