பகுப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

கணினி வன்வட்டின் பகுப்பு அட்டவணை வட்டிலேயே இருக்கும். 1983இல் வந்த பிசி-டாஸ் 2.0 முதல், வட்டின் தொடக்கப் பிரிவில் 64 பைட்டுகள் அதற்கென ஒதுக்கப்பட்டன. வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும், எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்பதை வட்டே சொல்லிவிடும். லினக்ஸில் இயங்கும் ரவுட்டர் போன்ற சிறு கருவிகளின் ஃபிளாஷ் நினைவகத்தில் பெரும்பாலும் அப்படியோர் அட்டவணை இல்லை.

தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அறிமுகப்படுத்திய இந்நினைவகத்தில் ஒரு பைட்டை மட்டும் தனியே அழிக்க இயலாது. ரவுட்டர்களில் வழக்கமாக 64 அல்லது 128 கிலோபைட் தொகுதியாகவே அழிக்க வேண்டும். ஆகவே பகுதியின் எல்லை தொகுதியின் விளிம்பில் அமைய வேண்டும். தவறினால் லினக்ஸ் அப்பகுதியைப் படிக்க மட்டுமே விடும். எழுதவிட்டால் அண்டைப் பகுதியும் சேர்ந்து அழியும்.

சுவடி பயின்றவர்களுக்கு இந்நிலை புதிதன்று. ஓலையில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை, புள்ளியும் பெரும்பாலும் இல்லை. பிரிப்பது படிப்பவர் பொறுப்பு. (மொழியியல் மாணவனின் பழக்கதோஷம், பொறுத்தருள்க.) ஃபிளாஷைப் படிப்பவை இரண்டு: பூட்லோடரும் கெர்னலும். இரண்டும் ஒரே வகையில் பிரித்தால்தான் கருவி உயிர்பெறும்.

அந்த உடன்பாடு முதலில் ஒவ்வொரு பலகைக்குமான சி நிரலில் கெர்னலுக்குள்ளேயே எழுதப்பட்டது. எல்லையை மாற்ற கெர்னலையே மறுபடி தொகுக்க வேண்டும். பின்னர் பூட்லோடர் கெர்னலுக்கு அனுப்பும் 'எம்டிடிபார்ட்ஸ்' என்ற ஒற்றை வரிக்கு அது இடம்பெயர்ந்தது. அவ்வரியில் பகுதியின் பெயரை அடுத்து 'ஆர்ஓ' என்ற இரண்டெழுத்து இருந்தால் அதில் எழுத முடியாது. பூட்லோடர் பகுதிக்கு அதை இட மறந்து, தவறான பகுதியில் எழுதி, ஒரு ரவுட்டரை நான் இழந்திருக்கிறேன். 2011க்குப் பின் ஏஆர்எம் கருவிகளில் இவ்விவரம் படிப்படியாக 'டிவைஸ் ட்ரீ' கோப்புக்குச் சென்றது.

எங்கே எழுதப்பட்டாலும், அது வெளியே தெரியாதவரை கருவியை வாங்கியவருக்குச் சில்லு வெறும் பைட்டுக் குவியல். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் வரலாறு எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். ஜிபிஎல் உரிமத்தைச் சுட்டி எழுந்த கோரிக்கைகளால் 2003இல் அதன் மூலநிரல் வெளியானது. 4 மெகாபைட் ஃபிளாஷை எப்படிப் பிரிப்பது என்பதும் அதிலேயே இருந்தது. முன்னால் பூட்லோடர், கடைசியில் அமைப்புகளுக்கான என்விராம், இடையில் கெர்னலும் மூலக் கோப்பமைப்பும். 2004இல் தொடங்கிய ஓபன்டபிள்யூஆர்டி அந்த இடைப்பகுதியை மறுபடி பகுத்தது: மாறாத கோப்புகளுக்குச் சுருக்கப்பட்ட ஸ்குவாஷ்எஃப்எஸ், எஞ்சிய இடத்தில் பயனர் எழுதுவதற்கு ஜேஎஃப்எஃப்எஸ்2.

2005இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸுக்குப் பதிலாக விஎக்ஸ்வொர்க்ஸ் அமர்ந்தது. ஃபிளாஷ் 2 மெகாபைட்டாகக் குறைந்தது. லினக்ஸ் வேண்டுவோருக்காகப் பழைய 4 மெகாபைட் அமைப்பு டபிள்யூஆர்டி54ஜிஎல் என்ற பெயரில் தனியே விற்பனைக்கு வந்தது.