பலன: கண்டியின் மேற்கு வாயிற்காவலும் அதன் மறைவும்

1. ஆய்வுப் பொருள்

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதம் ரம்புக்கனையைத் தாண்டி மலையேறுகையில் இகலகோட்டே, பலன, கடுகண்ணாவை ஆகிய நிலையங்கள் வருகின்றன. சிங்களத்தில் 'இகல கோட்டே' என்பது மேற்கோட்டை. 'பலன' என்பது 'பார்க்கின்ற' எனப் பொருள்படும். காவல் அரண் ஒன்றின் நினைவு நிலையப் பெயர்ப்பலகைகளில் தங்கியிருக்கிறது. கண்டி அரசின் மேற்கெல்லையைக் காத்த அந்த அரண் எவ்வாறு இயங்கியது, எதனால் மறைந்தது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நில அமைப்பு

கண்டி நகரைச் சுற்றி மகாவலி கங்கை வளைந்தோடுகிறது, அப்பால் மலைகள். மேற்கே தாழ்நிலத்திலிருந்து வருபவர் அலகல்லை மலைப்பக்கமாக ஏறத்தாழ 400 மீட்டர் ஏறியாக வேண்டும். அந்த ஏற்றத்தின் தலைப்பில் நின்றால் கீழ்நாட்டுச் சமவெளி தொலைவு வரை தெரியும். ஏறி வரும் படையை முன்கூட்டியே காணத்தக்க அந்த மேட்டில் பலன அமைந்தது.

3. காவல் முறை

3.1 கடவத்தை

எல்லைக் காவலிடத்தைச் சிங்களத்தில் 'கடவத்த' என்பர். 1660இல் கண்டி அரசனிடம் சிறைப்பட்டு 1679இல் தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் இக்காவல்களை விவரிக்கிறார். வழிகளை முட்கதவுகள் அடைத்திருந்தன. கடந்து செல்பவர் களிமண்ணில் பதித்த முத்திரையைக் காட்ட வேண்டும். போர்வீரனுக்கு ஒரு சின்னம், கூலியாளுக்கு வேறொன்று.

3.2 காடே மதில்

பாதைகளை அகலப்படுத்தவும் சீராக்கவும் அரசன் தடைவிதித்திருந்தான் என்றும் நொக்ஸ் எழுதுகிறார். ஆகவே கண்டியின் மதில் காடும் ஒற்றையடிப் பாதையும்தான். பலன அந்த மதிலின் கண்.

4. போர்களின் சான்று

4.1 1594: பேத்ரோ லோபஸ் டி சூசா, கண்டி இளவரசி குசுமாசன தேவியை அரியணையேற்றும் நோக்குடன் போர்த்துக்கேயப் படையைக் கண்டிக்குள் நடத்தி வந்தார். படை தந்துரையில் அழிந்தது. அப்படையை முறியடித்த கொனப்பு பண்டாரன் தேவியை மணந்து, முதலாம் விமலதர்மசூரியனாக ஆட்சியை நிலைநாட்டினான். கோவாவில் போர்த்துக்கேயரிடையே வாழ்ந்து அவர்களது போர்முறையை அறிந்திருந்த அவன், மேற்கு வாயிலை வலுப்படுத்தினான்.

4.2 1603: போர்த்துக்கேயத் தளபதி ஜெரோனிமோ டி அசவேது பலனவைக் கைப்பற்றினார். ஆனால் அவரது படையிலிருந்த உள்நாட்டு லஸ்கரின் வீரர்கள் கட்சி மாறவே, கண்டியை எட்டாமலே பின்வாங்க நேர்ந்தது.

4.3 1638: போர்த்துக்கேயத் தளபதி தியோகு டி மெல்லோ கண்டி நகருக்குள் புகுந்து தீவைத்தார். திரும்பும் வழியில் கன்னொறுவையில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் படை அவரையும் அவரது சேனையையும் வீழ்த்தியது.

இம்மூன்றிலும் ஒரே பாடம் உண்டு. அரண் வீழ்ந்தாலும், நகரே எரிந்தாலும், அரசு வீழவில்லை. பகைவனைத் தடுத்து நிறுத்துவது பலனவின் வேலையன்று. முன்னறிந்து சொல்லிக் காலம் பெற்றுத்தருவதே அதன் வேலை. கொல்லும் பணியைக் காடும் திரும்பும் வழியும் செய்தன.

5. மறைவு

1815 மார்ச் 2ஆந் திகதி ஒப்பந்தத்தால் கண்டி ஆங்கிலேயர் வசமானது. பிரதானிகள் பலர் அரசனைக் கைவிட்டிருந்த நிலையில், எந்த மலை அரணாலும் பயனிருக்கவில்லை. 1817–18 ஊவாக் கிளர்ச்சி புதிய ஆட்சியாளருக்கு ஒன்றை உணர்த்தியது: வீதியின்றி மலைநாட்டை ஆள முடியாது. தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசனின் பொறுப்பில் கொழும்பு–கண்டி வீதி உருவாயிற்று. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்தே வழி விட்டார்கள். 1867இல் புகையிரதமும் கண்டியை அடைந்தது. இடர்ப்பாதை இல்லாத இடத்தில் அதற்கொரு காவலும் தேவைப்படவில்லை.

6. முடிவு

பலனவைப் பீரங்கி அழித்தது என்பதைவிட வீதி அழித்தது என்பதே பொருந்தும். இன்று கடுகண்ணாவைக்குச் செல்பவர் அங்கே ஓர் உயர்ந்த கோபுரத்தைக் காணலாம். அது காவற்கோபுரம் அன்று. வீதி அமைத்த டோசனுக்கு 1832இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூண்.