வாங்க ஒரு கோல், விற்க ஒரு கோல்
(மருத்துவக் கல்லூரி இடங்களும் ‘யார் ஊர்க்காரர்?’ என்ற கேள்வியும்)

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் சங்கத்து வாசலில் இரண்டு வகைப் பெற்றோரைக் காணலாம். ‘சொந்த ஊர்ல நேட்டிவிட்டி சர்டிபிகேட் எப்படி வாங்கறது?’ என்று கேட்பவர் ஒரு வகை. ‘இங்கே மூல் நிவாசி பத்திரம் யாரைப் பிடிச்சா கிடைக்கும்?’ என்று கேட்பவர் இன்னொரு வகை. சில ஆண்டுகளில் இரண்டு கேள்வியையும் ஒரே தகப்பனாரே கேட்பதும் உண்டு. அவரே, ‘நாற்பது வருஷமா இந்தூர்ல வரி கட்டறோம், இன்னமும் வெளியூர்க்காரன்னு சொல்றாங்களே’ என்று வருத்தப்படுவார். அடுத்த மூச்சிலேயே, ‘தமிழ்நாட்டு சீட்டை வெளி மாநிலத்தான் கொண்டுபோறானாமே, கேட்க ஆளில்லையா?’ என்றும் பொங்குவார்.

அடியேன் பட்டம் பெற்றவன் அல்லன். க்ளாத் மார்க்கெட்டில் துணி அளந்துகொண்டே, கடை ஓய்ந்த நேரங்களில் பழைய தீர்ப்புகளையும் சரித்திர நூல்களையும் புரட்டிப் பழகியவன். எங்கள் சமணத்தில் இல்லறத்தார்க்குச் சொன்ன நோன்புகளில் கள்ளாமையும் ஒன்று. வாங்கும்போது நீண்ட கோலும் விற்கும்போது குறுகிய கோலும் வைத்துக்கொள்வது அந்த நோன்பைக் குலைக்கும் குற்றங்களில் சேரும் என்று பெரியோர் வகுத்திருக்கிறார்கள். மேற்படி தகப்பனாரின் பேச்சைக் கேட்டபோது எனக்கு அந்த இரண்டு கோல்தான் நினைவுக்கு வந்தது. ஆகவே கல்லூரி இடங்களைப் பங்கிட்ட வரலாற்றில் ‘ஊர்க்காரர்’ என்ற அளவுகோல் எப்படி வந்தது, எப்படி மாறியது என்பதை நம் குடும்பங்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

330 இடங்களில் 17

1951 ஏப்ரல் 9ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செண்பகம் துரைராஜன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சென்னை மாகாணத்து வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன வழக்கு அது. ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்க்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது அந்த உத்தரவின் கணக்கு. அதே ஆண்டு ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, 15(4) என்ற பிரிவால் பிற்பட்டோர்க்கு இட ஒதுக்கீடு செய்ய வழி பிறந்தது. இது எல்லோரும் அறிந்த கதை.

அதே தீர்ப்பில் பலர் கண்ணில் படாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. அன்றைக்குச் சென்னை ராஜ்யத்தில் அரசு நடத்திய மருத்துவக் கல்லூரிகள் நான்கு, மொத்த இடங்கள் 330. அதில் 17 இடம் வெளி ராஜ்யத்தாருக்கு. 12 இடம் அரசின் விருப்பத்துக்கு. மீதி 301 இடங்களை மாவட்டங்களை நான்கு தொகுதியாக்கிப் பிரித்துக் கொடுத்தார்கள். பொறியியலுக்கு இடங்கள் 395, அதில் வெளியார்க்கு 21. ஆக, சாதிக் கணக்குக்கு முன்னாலேயே ‘எந்த ஊர்?’ என்ற கணக்கு நின்றுகொண்டிருந்தது. வெளியார் பங்கு நூற்றுக்கு ஐந்து. நீதிமன்றம் சாதி, மதக் கணக்கைத்தான் தொட்டது. ஊர்க் கணக்கு தப்பியது.

நம் இந்தூர் வழக்கு

ஊர்க் கணக்கு நேராக நீதிமன்றம் ஏறியது நாம் வாழும் இந்த இந்தூரிலிருந்துதான் என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி. நம் மகாத்மா காந்தி நினைவு மருத்துவக் கல்லூரி 1878இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது. 1952இல் டில்லியைச் சேர்ந்த ஜோஷி என்ற மாணவர் அங்கே எம்.பி.பி.எஸ். முதலாண்டில் சேர்ந்தார். அன்று இது மத்திய பாரத ராஜ்யம். அந்த ராஜ்யத்து வாசிகளுக்குத் தலைக்கட்டணம் கிடையாது. வெளியார் என்றால், நியமனம் பெற்று வந்தவர் ஆண்டுக்கு 1,300 ரூபாயும் மற்றவர்கள் 1,500 ரூபாயும் கட்ட வேண்டும். அந்தக் காலத்து 1,500 ரூபாய் சாமானியத் தொகையா! பிறந்த இடம் பார்த்துப் பேதம் காட்டக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்கிறதே, இது பேதம் இல்லையா என்று அவர் வழக்குப் போட்டார்.

1955 ஜனவரியில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நம்மவர், நீதிபதி டி.எல்.வேங்கடராம ஐயர். தீட்சிதர் கிருதிகளில் ஆழ்ந்த புலமை உடையவர். 1944இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதியாக இருந்தவர். பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். 15ஆம் பிரிவு பிறந்த இடத்தைத்தான் தடுக்கிறது, வசிப்பிடத்தைத் தடுக்கவில்லை. ஒரு ராஜ்யம் தன் பணத்தைப் போட்டுக் கல்லூரி நடத்தும்போது தன் வாசிகளுக்குச் சலுகை காட்டுவது நியாயமே. படித்து முடித்தவர் அங்கேயே தங்கி வைத்தியம் பார்ப்பார் என்று எதிர்பார்க்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். நீதிபதி ஜகந்நாததாஸ் மட்டும் இதற்கு உடன்படாமல் தனித் தீர்ப்பு எழுதினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது, ‘வாசி’ என்பதற்கு அந்த விதி தந்த இலக்கணம். பூர்வீகம் மத்திய பாரதமாக இருக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. வேறிடத்தில் பூர்வீகம் உள்ளவரும் இங்கே நிலையாகக் குடியேறி, விண்ணப்பிக்கும் நாளுக்குள் ஐந்தாண்டு வசித்திருந்தால் அவரும் வாசியே. வந்தவாசிப் பக்கத்திலிருந்து மூட்டையோடு ரயில் ஏறி வந்த ஒருவன் ஐந்து வருஷத்தில் மாளவத்துக்காரன் ஆகிவிடலாம்! வந்தேறிகளுக்கு இதைவிடப் பெருந்தன்மையான கோலை யார் தருவார்கள்?

மாவட்டம், அலகு, மாநிலம்

‘ஊர்’ என்பதை எவ்வளவு தூரம் சுருக்கலாம் என்ற கேள்வி அடுத்து வந்தது. தமிழகத்தில் மருத்துவ இடங்களை மாவட்ட மக்கள்தொகைப்படி பங்கு போட்டார்கள். சென்னை நகரத்துப் பிள்ளைகளே எல்லா இடத்தையும் அள்ளிவிடக் கூடாது என்பது நோக்கம். கெட்ட நோக்கம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாவட்டத்தில் கூடுதல் மதிப்பெண் வாங்கியவன் வெளியே நிற்க, அடுத்த மாவட்டத்தில் குறைவாக வாங்கியவன் உள்ளே போகும் நிலை உண்டாயிற்று. 1968இல் ராஜேந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த மாவட்டப் பங்கீட்டை ரத்து செய்தது. பிற்பட்டோர் ஒதுக்கீட்டை மட்டும் நிலைநிறுத்தியது. பிறகு மாவட்டத்துக்குப் பதிலாகக் கல்லூரிகளை ‘அலகு’களாகப் பிரித்து அலகுக்கு அலகு தனித்தனியே தேர்வு செய்தார்கள். 1970இல் பெரியகருப்பன் வழக்கில் அதுவும் நிற்கவில்லை. பெயர்தான் மாறிற்று, துணி அதே துணி.

1984 ஜூனில் பிரதீப் ஜெயின் வழக்கு வந்தது. (பெயரைப் பார்த்து நம் இனத்தார் சிலர் பெருமைப்பட்டதுண்டு!) நீதிபதி பகவதி அதில் ஒரு அடிப்படையான விஷயம் சொன்னார். டொமிசைல் என்பது இந்தியா முழுமைக்கும் ஒன்றுதான். தமிழ்நாட்டு டொமிசைல், மத்தியப் பிரதேச டொமிசைல் என்று சட்டத்தில் கிடையாது. மாநிலங்கள் சொல்வதெல்லாம் நிரந்தர வசிப்பிடம் என்ற பொருளில்தான். எம்.பி.பி.எஸ். படிப்பில் வசிப்பிட ஒதுக்கீடு கூடும், ஆனால் பொது இடங்களில் 70 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டினார். 1986இல் தினேஷ்குமார் வழக்கில் அந்தக் கணக்கைத் திருத்தி, மொத்த இடங்களில் 15 சதவீதம் அகில இந்தியப் போட்டிக்கு என்று வைத்தார்கள். 1950இல் வெளியாருக்கு நூற்றுக்கு ஐந்து, 1986இல் பதினைந்து. கதவு மூன்று மடங்கு திறந்தது எனலாம். இன்று அந்தப் பதினைந்தும் நீட் தர வரிசைப்படி நிரம்புகிறது. மீதி எண்பத்தைந்து அந்தந்த மாநிலத்தார்க்கு.

கடைசியாக 2025 ஜனவரி 29 அன்று, சண்டிகர் அரசு மருத்துவக் கல்லூரி பற்றிய தன்வி பெல் வழக்கில், மருத்துவ மேற்படிப்பில் வசிப்பிட ஒதுக்கீடு அறவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் பட்டப் படிப்புக்கு ஓரளவு ஊர்ச் சலுகை இருக்கலாம். நிபுணர் ஆகப் போகிறவரைத் தேர்வு செய்யும்போது திறமைதான் அளவு என்பது வாதம்.

என் வீட்டுக் கதை

இவ்வளவு படித்த நான் என் வீட்டில் கோட்டை விட்டதையும் சொல்லிவிடுகிறேன். என் மகள் இந்தூரிலே பிறந்து, இந்தூரிலே பள்ளி முடித்தவள். 2004இல் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டாள். மதிப்பெண்ணும் இருந்தது. நானோ ‘நாம தமிழ்நாட்டுக்காரங்க, நமக்கு அங்கேதான் இடம்’ என்று சொல்லி, சொந்த ஊர்த் தாலுகா ஆபீசுக்கு மூன்று முறை அலைந்தேன். அங்கிருந்த கிளார்க், ‘ரேஷன் கார்டு எங்கே? ஓட்டு எங்கே? வீடு யார் பேர்ல?’ என்று கேட்டார். கேள்வியில் தப்பில்லை. ஒன்றுக்கும் என்னிடம் காகிதம் இல்லை. சரியென்று இங்கே திரும்பி மூல் நிவாசிக்கு மனுப் போட்டபோது கடைசித் தேதி கடந்துவிட்டிருந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். மகள் பி.எஸ்ஸி. படித்து இன்று பள்ளி ஆசிரியையாக நல்ல பெயரோடு இருக்கிறாள். ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்றும் வலிக்கிறது.

அவள் இழந்த இடம் தமிழ்நாட்டு இடம் அல்ல என்பது பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு உரிய இடம் இங்கே இருந்தது. அவள் குடித்தது நர்மதைத் தண்ணீர், படித்தது இந்த ஊர்ப் பள்ளி. அவளை இந்த ஊர் தன் பிள்ளையாக ஏற்கத் தயாராக இருந்தது. ஏற்றுக்கொள்ளப்படத் தயாராக இல்லாதவன் நான்.

ஒரே கோல்

தமிழ்நாட்டில் தென்னார்க்காட்டுக் கூலிக்காரர் மகன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு 2020 முதல் அங்கே 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்த மாநிலத்தின் வரியில் கட்டிய கல்லூரியில் அவனுக்கு முதல் உரிமை. அந்த வரியில் நம் பங்கு என்ன? முப்பது வருஷமாக நாம் வரி கட்டியது மத்தியப் பிரதேசத்துக்கு. இங்கே வசிப்பிடத்தை அளவாக வைத்து இடம் கேட்டுவிட்டு, அங்கே ரத்தத்தை அளவாக வைத்து இன்னொரு இடம் கேட்டால் அது இரண்டு கோல். அதேபோல, இங்கே வசிப்பிட விதியைக் கொடுமை என்று சொல்லிவிட்டு அங்கே அதே விதியைக் காவல் என்று புகழ்வதும் இரண்டு கோல்தான். பேச்சும் பாட்டும் பொங்கலும் நம் பூர்வீகம். அதை யாரும் பறிக்க முடியாது. கல்லூரி இடம் மட்டும் வாழும் ஊரின் கணக்கு.

ஆகவே அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இரண்டு. பிள்ளை ஆறாம் வகுப்பு சேரும்போதே எந்த மாநிலத்தில் படித்து முடிக்கும் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். அந்த மாநிலத்துக் காகிதங்களை அன்றே சேர்க்கத் தொடங்குங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டை நாமே வாசிப்பது நல்லது. தரகரிடம் கேட்க வேண்டாம்.

அடுத்தது, இங்கே இடம் வாங்கிய நம் பிள்ளை டாக்டரானால் ஜாபுவாவிலோ தாரிலோ சில வருஷமாவது வைத்தியம் பார்க்கட்டும். வேங்கடராம ஐயர் அன்று எழுதிய தீர்ப்பு அந்த எதிர்பார்ப்பின் மேல்தான் நிற்கிறது. ஐந்து வருஷத்தில் நம்மை ஊர்க்காரராக ஏற்க முன்வந்த மண்ணுக்கு நாம் அளந்து கொடுக்கும் கோலும் நீளமாகத்தான் இருக்க வேண்டும்.